ஈரம் எங்கே போகும்?

திருத்தணியிலிருந்து அம்பத்தூருக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர்களில் துளசிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. நல்ல விதமாகத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அம்பத்தூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்கீப்பர். மேனேஜர் கையெழுத்துப் போட்ட சிலிப் இல்லாமல் பெற்ற அப்பன் வந்து நின்றாலும் ஒரு நட்டு வெளியே போகாது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நீட்டி, "சிலிப்பு எங்க?" என்று கேட்பார். எதிரில் நிற்பவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் முகத்தில் "முடியாது" எழுதியிருக்கும்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஊரே மயங்கிக் கேட்கும்படி கதை சொல்லும் வாய் இருந்தது என்பது 1979 தை மாதம் வரைக்கும் அவருக்கே தெரியாது.

அந்த மாதம்தான் ரயிலில் சீட்டாட்டத்தில் அடிதடி நடந்து, ரயில்வே போலீஸ் பெட்டி பெட்டியாக ஏறி சீட்டுக்கட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மாலையில் அதே இரண்டு மணி நேரம். கையில் சீட்டில்லாமல் எப்படிக் கழிப்பது? துளசிங்கத்தோடு எப்போதும் உட்காரும் இரண்டு பேரும் தவித்துப்போனார்கள். ஒருவர் கங்காதரன், மவுண்ட் ரோட்டில் ஒரு ஆபீசில் லிஃப்ட் ஓட்டுகிறவர், கலகலப்பான ஆள். இன்னொருவர் சாமிநாதன், பெரம்பூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்.

"எதனா கதையாவது சொல்லேன்யா, ஊமையன் மாதிரி உக்காந்துகினு" என்றார் கங்காதரன்.

துளசிங்கம் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். ஒரு மலை. மலைமேல் ஒரு கோட்டை. ஊருக்கு வரும் தண்ணீரை மறித்துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாளையக்காரன். கோட்டைக்குள் புகுந்து மதகைத் திறக்கப் புறப்பட்ட ஒரு வீரன், காவல்காரனிடம் மாட்டிக்கொள்கிறான்.

"இதென்ன முட்டாள்தனம்? நானா இருந்தா பின்பக்கமால்ல ஏறியிருப்பேன்" என்றார் சாமிநாதன்.

துளசிங்கத்துக்குச் சுருக்கென்றது. "சரி, நீயே போ. பின்பக்கம் செங்குத்துப் பாற. எப்டி ஏறுவ? சொல்லு."

சாமிநாதன் சொன்னார். முடியுமா முடியாதா என்று தீர்மானிக்க ஏதாவது வேண்டியிருந்தது. மறுநாள் கங்காதரன், பெண்டுகள் தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் வெள்ளை தெரிய உடைத்துத் தேய்த்து வைத்திருந்த புளியங்கொட்டையில் ஐந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். நடுவில் விரித்த துண்டில் குலுக்கிப் போட்டு மூன்று வெள்ளை விழுந்தால் நினைத்தது நடக்கும், குறைந்தால் நடக்காது. அப்படித்தான் அந்த ஆட்டம் பிறந்தது. அதற்குக் "கோட்டை" என்றே பெயர் ஆயிற்று. ஆடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். பாத்திரத்துக்கு ஒரு வரம். கங்காதரனின் ஆளுக்கு யார் குரலிலும் பேசும் வரம். சாமிநாதனின் ஆளுக்கு இருட்டில் கண் தெரியும் வரம். மற்றதெல்லாம் துளசிங்கம். காவல்காரனும் அவர், புயலும் அவர், பாம்பும் அவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அதில் கோட்டையின் ஒவ்வொரு வாசலையும் கோடு போட்டு வரைந்து வைத்துக்கொண்டார். அவர் நடத்தும் அழகைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருஷம் பங்குனியில் கௌரியம்மாள் வந்து சேர்ந்தாள். கங்காதரனின் மனைவிக்குத் தங்கை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. தனியாக லேடீஸ் பெட்டியில் போகவேண்டாம், பாவாவோடு போ என்று அக்காள் அனுப்பிவைத்தாள். நான்கு நாள் பேசாமல் உட்கார்ந்து ஆட்டத்தைக் கேட்டவள், ஐந்தாம் நாள், "பாவா, நானும் ஆடறேன்" என்றாள்.

துளசிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. கங்காதரன் முகத்துக்காகச் சும்மா இருந்தார். ஆனால் வரம் கொடுக்கிற கை அவருடையதல்லவா?

"உனக்கா? நீ துணி தொவைக்கற எடத்துல தான வேல செய்யற? துணியில கீற ஈரத்த எடுக்குற வரம் வெச்சிக்கோ. கைய வெச்சா போதும், காஞ்சிடும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கௌரியம்மாள் சிரிக்கவில்லை.

"எந்தத் துணியா இருந்தாலுமாண்ணா?"

"ஆங், எந்தத் துணியா இருந்தாலும்."

"எத்தினி தடவ?"

"எத்தினி தடவ வேணாலும். போயேன்" என்று கையை உதறினார்.

இரண்டு வாரம் அவள் ஆள் சும்மா பின்னால் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வாரம், காவலர் கூடத்தில் பன்னிரண்டு விளக்கு எரிகிற இடத்துக்கு வந்தார்கள். அந்த வெளிச்சத்தில் எறும்புகூடத் தப்ப முடியாது என்று துளசிங்கம் பெருமையாகச் சொல்லி நிறுத்தினார்.

"வெளக்குத் திரி துணிதானண்ணா?" என்றாள் கௌரியம்மாள்.

"ஆமா, அதுக்கு இன்னா?"

"தூண் மறவுல போயி ஒவ்வொரு திரியா தொடறேன். எண்ண வத்திப்போயிடும். வெளக்கு நின்னுடும். அப்புறம் இருட்டு. இருட்டுல சாமிநாதன் சாருக்குக் கண்ணு தெரியுமே."

பெட்டியே "அட!" என்றது. எண்ணெய் ஈரமா, ஈரம் என்றால் தண்ணீர்தானே என்று துளசிங்கம் வாதாடினார். பிழை திருத்தும் சாமிநாதன் விடவில்லை. "திரிய எண்ணெய்ல நனைக்கறோம்னுதான சொல்றோம்? நனைஞ்சது ஈரந்தான? நீ தண்ணின்னு சொல்லல. ஈரம்னு சொன்ன." புளியங்கொட்டையும் நான்கு வெள்ளையாக விழுந்து தொலைத்தது. துளசிங்கம் விட்டுக்கொடுத்தார். வீட்டுக்குப் போய் சோற்றில் கையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மனைவி காஞ்சனா, "ஆபீஸ்ல சண்டையா?" என்று கேட்டாள். "ஒரு பொம்பள என் பன்னெண்டு வெளக்கையும் அணச்சிட்டா" என்றார். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

அதற்கப்புறம்தான் அவர் உள்கோட்டையைச் சுற்றி அகழியைத் தோண்டினார். இரண்டு மாதம் நோட்டில் உட்கார்ந்து தோண்டினார் என்றே சொல்லவேண்டும். நாற்பதடி அகலம், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஆழம், படகில்லை, பாலமில்லை. உள்ளே மூன்று முதலைகள். கம்பெனியில் இருந்த மூன்று மேனேஜர்களின் பெயரையும் அவற்றுக்கு வைத்தார். இதைத் தாண்ட இவர்களுக்கு தீபாவளி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் மாலை. சென்ட்ரலிலிருந்தே பெட்டி நிரம்பி வழிந்தது. காவடிகளை மேல்தட்டில் கட்டி, மஞ்சள் துணியும் வேப்பிலையும் பால்குடமுமாகத் திருத்தணிக்குப் போகிற கூட்டம். அம்பத்தூரில் துளசிங்கம் ஏறி, கங்காதரன் போட்டுவைத்திருந்த இடத்தில் இடித்துப்பிடித்து உட்கார்ந்தார். காவடிக்காரர்களும் சூழ்ந்து நின்று கேட்க, அகழியை அவர் வர்ணித்த வர்ணிப்பில் ஒரு கிழவர், "முருகா, எப்டிய்யா தாண்டப் போறீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டார். துளசிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

"என் பொடவையோட ஒரு முனைய அகழியில முக்கறேன்" என்றாள் கௌரியம்மாள்.

"முக்கு."

"அது தண்ணிய உறிஞ்சும். கைய வெக்கறேன், காஞ்சிடும். கைய எடுத்தா மறுபடியும் உறிஞ்சும். மறுபடியும் வெக்கறேன். கரையிலயே உக்காந்துகினு கிறேன். ரெண்டு நாளாவட்டும், மூணு நாளாவட்டும். அகழி வத்திடும்ணா."

கிழவர் கையைத் தட்டினார். "அந்தம்மா சொல்றது சரியாத்தான கீது!"

துளசிங்கத்தின் காது மடல் சூடேறியது. இரண்டு மாதம். நாற்பதடி. மூன்று முதலை. ஒரு புடவை முனை.

"முடியாது" என்றார்.

"ஏன்ணா முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. நான் அதுக்காகக் குடுக்கல அந்த வரத்த."

"எதுக்காகக் குடுத்த? எந்தத் துணியா இருந்தாலும், எத்தினி தடவ வேணாலும்னு நீதான சொன்ன? பாவா, சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு" என்றார் கங்காதரன். "கொட்டைய போட்டுப் பாத்துடலாம் துளசிங்கம். விழலன்னா போவுது."

"கொட்டையும் கிடையாது, மட்டையும் கிடையாது! ஆட்டத்த நடத்தறது நானா, அவளா?"

கௌரியம்மாளுக்கும் குரல் ஏறிவிட்டது. "ஸ்டோர்ல உக்காந்துகினு சிலிப்பு எங்கன்னு கேக்கறாமாரியே இங்கயும் கேக்கறியா? நாங்க இன்னா, உன்கிட்ட நட்டு வாங்க வந்தமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கவிழ்த்தது.

"துணி தொவைக்கறவளுக்குக் கோட்ட எதுக்கு? போயி அங்க நோயாளி மூத்தரத் துணிய அலசு, போ!"

கௌரியம்மாள் எழுந்தாள். முகம் கறுத்திருந்தது. அழவில்லை. திருவள்ளூரில் வண்டி நின்றதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கி, லேடீஸ் பெட்டியைப் பார்த்து நடந்தாள். கங்காதரன் துளசிங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் பின்னாலேயே இறங்கி வேறு பெட்டிக்குப் போனார். துளசிங்கம் ஐந்து புளியங்கொட்டைகளையும் ஜன்னல் வழியாக வீசியெறிந்தார்.

மூன்று மாதம் ஆட்டம் இல்லை. சாமிநாதன் மட்டும் எதிரில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். துளசிங்கத்துக்கு எல்லார்மேலும் ஆத்திரம். விதிமுறையில்லாத ஆட்டம் ஒரு ஆட்டமா? ஆளாளுக்கு வளைத்தால் கோட்டை எதற்கு, நோட்டு எதற்கு? காலையில் பல் துலக்கும்போதுகூட அவர் அந்த வாதத்தையே கௌரியம்மாளிடம் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வாதத்தில் அவரே ஜெயித்தார். ஆனால் கடைசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் ஸ்டோரின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை நடுவில் பிளந்து, தண்ணீர் நேராக பேரிங் அடுக்கின்மேல் கொட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் பேரிங் துருப்பிடித்துவிடும். ஸ்டோருக்குப் பொறுப்பான மேனேஜரைத் தேடினார், இல்லை. ஏணியும் இல்லை. மூலையில் ஏற்றுமதிப் பெட்டிகளை மூடுவதற்கென்று வாங்கிய புதுத் தார்ப்பாய் மடித்தபடி கிடந்தது. துளசிங்கம் யோசிக்கவில்லை. வாட்ச்மேன் தங்கவேலுவைக் கூப்பிட்டு, தார்ப்பாயை விரித்து, அடுக்கின்மேலேயே ஏறி ஒரு முனையைக் கூரைச் சட்டத்திலும் மறுமுனையை ஜன்னல் கம்பியிலும் கட்டி, நடுவில் பள்ளமாகத் தொங்கவிட்டார். கொட்டிய தண்ணீர் அத்தனையும் வாய்க்கால்போல ஓடி ஜன்னல் வழியாக வெளியே விழுந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டே, "எப்டி?" என்று தங்கவேலுவைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஸ்டோரில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாகத் தங்கவேலு பிற்பாடு சொன்னார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தத் தார்ப்பாய் எதுக்கு வாங்கினது?"

"பெட்டி மூடறதுக்கு சார்."

"சிலிப் இருக்கா?"

"மழை ஒழுகிச்சி சார். பேரிங் மொத்தம்..."

"அதுக்காகவா குடுத்திருக்கு? ஓட்ட விழுந்திருக்கு, கறை பட்டிருக்கு. கம்பெனி சாமான உன் இஷ்டத்துக்கு எடுத்தா அப்புறம் ஸ்டோர்னு ஒண்ணு எதுக்கு?"

தப்பு செய்தேன், இனிமேல் செய்யமாட்டேன் என்று டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். துளசிங்கத்தின் கை பேனாவைத் தொட்டது. தொட்டபடியே நின்றது.

"கையெழுத்துப் போட முடியாது சார்" என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "பேரிங்க வந்து பாருங்க. ஒண்ணு துருப்புடிச்சிருந்தா போடறேன்."

மேனேஜர் வந்து பார்க்கவில்லை. அதுதான் துளசிங்கத்தைச் சுட்டது. திட்டியதுகூட அவ்வளவாகச் சுடவில்லை. வந்து ஒரு தடவை பார்க்காமல், என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தப்பு என்று சொன்னானே, அது. அம்பத்தூர் பிளாட்பாரத்தில் நின்றபடி அந்த மனிதனை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி வைதார். வைதுகொண்டே வந்தவர் ஒரு இடத்தில் தடுக்கிக்கொண்டார். "அதுக்காகவா குடுத்திருக்கு?" இதே வார்த்தைகளை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறார். சொன்னது மேனேஜர் இல்லை.

திருத்தணியில் வண்டி நின்றதும் அவர் படிக்கட்டைப் பார்த்துப் போகவில்லை. லேடீஸ் பெட்டிக்கு எதிரில் போய் நின்றார். கௌரியம்மாள் இறங்கினாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

"ஈரம் எங்க போவும்?" என்றார் துளசிங்கம். சண்டைக்கு வந்தவர்போலத்தான் கேட்டார். அவருக்கு வேறு குரல் தெரியாது.

"இன்னா?"

"அகழித் தண்ணி மொத்தத்தையும் நீ ஒலர்த்திட்ட. சரி. அவ்ளோ தண்ணி எங்க போவும்? ஆவியாத்தான போவணும்? அத நான் அன்னிக்கு உன்னக் கேட்டிருக்கணும். கேக்கல. முடியாதுன்னுட்டேன்."

கௌரியம்மாள் நின்றாள். அவள் கோபம் ஒரு கேள்வியில் தீருகிற கோபம் இல்லை.

"அத அப்புறம் பாக்கலாம். அன்னிக்குப் பெட்டி பூரா கேக்கறாமாரி என்னப் பேசின. மூணு மாசமா அந்தப் பெட்டியில கால வெக்கல நானு. என் வேலையப் பத்தி என்னா பேச்சு அது? அந்தத் துணிய அலசறதுக்கு ஆளு இல்லன்னா ஒன் ஊட்டு நோயாளி எதுல படுப்பான்?"

"தப்புதான்."

"இங்க சொல்லாத. அங்க வந்து சொல்லு."

மறுநாள் காலை, வண்டி இச்சிபுத்தூர் தாண்டியதும் துளசிங்கம் பெட்டி நடுவில் எழுந்து நின்றார். கங்காதரன் வாசலருகே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கௌரியம்மாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் துளசிங்கம். "ஆடிக் கிருத்திகைக்கு மொத நாளு இதே எடத்துல நான் கௌரியம்மாவ, அவங்க செய்யற வேலைய, கேவலமாப் பேசினேன். அவங்க சொன்னதுல ஞாயம் இருந்திச்சி. எனக்கு பதில் தெரியல. அதான் அப்டிப் பேசினேன். தப்பு."

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து, "எந்த கௌரியம்மா?" என்றார்.

"நான்தான்யா" என்றாள் கௌரியம்மாள். வந்து உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து ஐந்து புதுப் புளியங்கொட்டைகளை எடுத்துத் துண்டின்மேல் வைத்தாள். "ஆவி எங்க போவும்னு கேட்டியே. எங்க ஒலர்த்துற ரூம்புல கதவ சாத்திட்டா, பக்கத்துல நிக்கறவ மூஞ்சி தெரியாது. மூட்டமா நின்னுக்கும்."

துளசிங்கத்தின் கண் விரிந்தது. நோட்டைத் தேடவில்லை. "மூட்டம்" என்றார். "அப்டின்னா கேளு. மூணு நாள் கழிச்சி அகழி வத்திப்போச்சி. மல பூரா மூட்டம். முதலங்க மூணும் சேத்துல நடந்து வெளிய வருதுங்க. எங்க வருதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும், இருட்டுல கண்ணு தெரியுமே" என்றார் சாமிநாதன்.

"இது இருட்டு இல்ல சாமிநாதா. மூட்டம்."

சாமிநாதன் பிழை கண்டுபிடிக்கப் பார்த்து, கிடைக்காமல் கொட்டைகளைக் கங்காதரன் பக்கம் தள்ளினார். கங்காதரன், "நான் முதல குரல்ல பேசறேன்" என்று எழுந்தார். முதலைக்கு ஏது குரல் என்று கேட்க வாயெடுத்த துளசிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்டிப் பேசுவ? பேசிக் காட்டு" என்றார். கங்காதரன் பேசிக் காட்டிய அந்த ஊளையில் பெட்டியே விழுந்து விழுந்து சிரித்தது. கொட்டையில் ஒரு வெள்ளைதான் விழுந்தது. அவர் ஆளின் செருப்பு ஒரு முதலைக்குப் போயிற்று.

அதற்கப்புறம் யாராவது வரத்தை வளைத்தால் துளசிங்கம் முதலில் "எப்டி?" என்றுதான் கேட்டார். கேட்கும்போது முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. அனுமதித்ததற்கு ஒரு விலையும் வைத்தார். உங்களுக்குச் செல்லுபடியானது எதிரிக்கும் செல்லுபடியாகும் என்றார். முடியாது என்பதை அடியோடு விட்டுவிடவும் இல்லை. மனசுக்குள் இருப்பதும் இருட்டுதானே, ஆகவே பாளையக்காரனின் மனசுக்குள் எனக்குத் தெரியும் என்று சாமிநாதன் ஒருநாள் கிளம்பினார். துளசிங்கம் கௌரியம்மாளைப் பார்த்தார். "வார்த்தைய நீட்டிக்கலாம் சார், கிழிக்கக் கூடாது" என்றாள் அவள். சாமிநாதனுக்கு நான்கு நாள் கோபம்.

கம்பெனியில் மட்டும் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போடாததற்கு விசாரணை வைத்தார்கள். தங்கவேலு பயந்துபோய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். துளசிங்கத்திடமிருந்து சாவிக்கொத்தை வாங்கி, அவரை கேட்டில் லாரி சரிபார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். கூரையை யாரும் சரிசெய்யவில்லை. அடுத்த வருஷம் அதே ஐப்பசி, அதே ஓட்டை. புது ஸ்டோர்கீப்பர் விதிப்படி சிலிப் எழுதி, கையெழுத்துக்குக் காத்திருந்தான்.

கார்த்திகையில் ஒருநாள் பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று கேட்டுக்கு வந்தது. துளசிங்கம் மேலே ஏறிப் பார்த்தார். பெட்டி பெட்டியாக பேரிங், அத்தனையும் செந்துரு. ஒன்றை எடுத்துச் சுழற்றினார். சுழலவில்லை. லாரியை வெளியே விட அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். போட்டார். பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

அன்று மாலை ரயிலில் அவரால் ஆட்டத்தை நடத்த முடியவில்லை. நோட்டைத் திறந்தார், மூடினார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி நோட்டை மடியில் போட்டார்.

கௌரியம்மாள் அவர் மடியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு நீ ஆடுண்ணா. நான் நடத்தறேன்."

"எனக்கு ஏது ஆளு?"

"புதுசா தர்றேன். தொட்டா இரும்புல கீற துருவ எடுக்கற வரம். கோட்டக் கதவு முன்னால நிக்கற. இன்னா பண்ணுவ?"

துளசிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பம்பட்டு போயிற்று, திருவள்ளூர் போயிற்று. கடம்பத்தூர் தாண்டியதும் சட்டென்று திரும்பினார்.

"கதவ உட்டுடு. கதவு மாட்டியிருக்கற கீலுக்கு உள்ள துரு இருக்குதா இல்லியா? அந்தத் துருதான் அந்தக் கீல இத்தினி வருஷமா புடிச்சி நிறுத்திகினு கீது. அத எடுத்துட்டா எடம் காலி. கதவு ஆடும், தள்ளினா உழுந்துடும். ஆடுமா, ஆடாதா?" என்று கத்தினார்.

"எப்டிண்ணா?" என்றாள் கௌரியம்மாள்.

அரக்கோணம் வரும்வரை அவர் எழுந்து நின்று கத்திக்கொண்டே விளக்கினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.